ஒண்ணேகால் ஆழாக்கு

பதறாத தாயி, பாட்டில் எங்கயும் போயிரல. இந்தா பாரு, கட்டிலுக்கு அடியில அதே எடத்துலதான் இருக்கு. நாந்தான் கழுவிக் கொண்டாந்து வச்சேன். நீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு சுடுதண்ணி வாங்க அந்தப் பக்கம் போன, நான் இந்தப் பக்கமா வந்தேன். பார்த்தா பாட்டில் பூரா மஞ்சளும் பச்சையுமா சீழு, வாடை வாசப்படி வரைக்கும் வருது. மனசு கேக்கல. உன் வீட்டுக்காரரு முழிச்சுத்தான் இருந்தாரு. "குழாயை இப்படி மடக்கி இறுக்கிப் புடிச்சுக்கங்க, ரெண்டே நிமிசம்"னேன். "சரிங்கக்கா"ன்னு புடிச்சுக்கிட்டாரு. ஆசுபத்திரி ஆயான்னு நெனச்சுட்டாரு போல. இப்ப அசந்து தூங்குறாரு, தூங்கட்டும், எழுப்பாத.

எனக்கு இதெல்லாம் அத்துபடி. பாட்டில்ல பொறிச்சிருக்காங்க பாரு ஒரு கோடு, அது வரைக்கும் சுத்தமான தண்ணி ஊத்தணும். குழா முனை அந்தத் தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும். முங்காட்டி வெளிக்காத்து நெஞ்சுக்குள்ள போயிரும். எல்லாம் சரியா செஞ்சுதான் வச்சிருக்கேன். இருந்த சீழு ஒரு ஆழாக்கு, அதுக்கு மேல ஒரு குழிக்கரண்டி இருக்கும். கக்கூசுல கொட்டி மூணு வாளித் தண்ணி விட்டுட்டேன். 

முகத்தை ஏன் அப்படி வச்சிருக்க? அருவருப்பா? எனக்கு என்னத்த அருவருப்பு, பெத்த புள்ளைக்குச் செஞ்ச கை இது. இதே கட்டில்தான் தாயி. பதினாலாம் நம்பரு. தலைமாட்டுக் கம்பியில பெயிண்டு உரிஞ்ச எடம் இருக்கு பாரு, எம்மகன் வலி தாங்காமப் புடிச்சுப் புடிச்சு உரிஞ்சது. தவசிமுத்து. தவசின்னுதான் கூப்புடுவோம். இருபத்தெட்டு வயசு. எங்க ஊருல தண்ணி லாரி ஓட்டிக்கிட்டு இருந்தான்.

இப்ப இல்ல. நாப்பத்தோரு நாளாச்சு.

அட, உக்காரு. உனக்குப் பயங்காட்டவா வந்தேன்? டீன் ஆபீசு பத்து மணிக்குத்தான் தொறப்பாங்களாம். மொத பஸ்ஸுல வந்து எறங்கிட்டேன். வெளியில மரத்தடியில உக்காந்திருக்க வேண்டியதுதான், காலு தன்னால இங்க இழுத்துட்டு வந்துருச்சு. மனு குடுக்கணும். இந்தா பையில இருக்கு, மூணு பக்கம். எங்க பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரு எழுதிக் குடுத்தாரு. யாரு மேலன்னா, டாக்டர் சற்குணம் மேல. ஆமா, ஒம்பது மணிக்கு ரவுண்ட்ஸ் வருவாரே, கண்ணாடி போட்டுக்கிட்டு, சிரிச்ச மொகமா, அவரேதான். சிரிச்சுக்கிட்டே எம்மகனைச் சாகக் குடுத்துட்டாரு அந்த மனுசன்.

உனக்கு நல்லவராத் தெரியுறாரா? எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சாரு. கேளு.

ஐப்பசி மழையில நனைஞ்சுட்டு வந்தான். சளி, இருமல், காய்ச்சல். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டான், விட்டுச்சு. திரும்ப அடிச்சுது. இன்னொரு மாத்திரை. இந்தப் பக்கம் வெலாவுல மூச்சு இழுத்தா குத்துதும்மான்னான். வண்டியில ஏறி எறங்குறவன், சுளுக்கா இருக்கும்னு நல்லெண்ணெயக் காய்ச்சி நாந்தான் தேச்சுவிட்டேன். மூணு வாரம் ஓடிப்போச்சு தாயி. அந்தப் பக்கமாப் படுக்க முடியல, நாலு படி ஏறினா நாய் மாதிரி எளைக்குது, அப்பத்தான் இங்க தூக்கியாந்தோம். படம் புடிச்சாங்க. நெஞ்சு ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கணுமாம், இவனுக்கு எடது பக்கம் பாதிக்கு மேல வெள்ளையா இருந்துச்சு. முதுகுல ஊசியக் குத்தி இழுத்தாங்க. தண்ணி வரும்னு பார்த்தா கட்டிக் கட்டியா சீழு.

இந்தச் சற்குணம்தான் என்னைய உக்கார வச்சு வெளக்கமாச் சொன்னாரு. அதை இல்லேங்கல. "அம்மா, நுரையீரலைப் போத்துன மாதிரி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. நெஞ்சுக்கூட்டுக்கு உள்பக்கம் இன்னொரு சவ்வு. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சூண்டு ஈரம் இருக்கும், மூச்சு விடும்போது வழுக்கிக்கிட்டுப் போறதுக்கு. சளிக்காய்ச்சல் கிருமி அந்த இடுக்குக்குள்ள பூந்துருச்சு. மொதல்ல தண்ணியாக் கோத்துருக்கு, இப்ப சீழாயிருச்சு. மருந்து மட்டும் போட்டாப் பத்தாது, சீழு முழுசும் வெளிய வந்தாகணும். உள்ளயே நின்னா இறுகிப்போயி நுரையீரலைச் சுத்தி ஓடு மாதிரி புடிச்சுக்கும். அப்புறம் நுரையீரல் விரியாது"ன்னாரு.

எனக்கு அப்பவே புரிஞ்சுருச்சு. அண்டாவுல அடிப்புடிச்ச சாதம்தான். ஈரமா இருக்கும்போதே தேச்சா வந்துரும், காஞ்சா கல்லு. "எப்படியாவது எடுத்து விட்ருங்கய்யா"ன்னேன். ரெண்டு வெலா எலும்புக்கு நடுவுல ஓட்டை போட்டு, வெரல் தடிமன் குழாயைச் சொருகி, இந்தப் பாட்டில்ல கொண்டாந்து விட்டாங்க. போட்ட ஒடனே கொடகொடன்னு ஊத்துச்சு பாரு, ஒண்ணரைப் பாட்டில். அன்னைக்கு ராத்திரிதான் எம்மகன் மூணு வாரத்துக்கு அப்புறம் நீட்டிப் படுத்துத் தூங்குனான்.

பலூன் ஊதச் சொல்லுவாங்க, உன் வீட்டுக்காரரு ஊதுறாரா? ஊதச் சொல்லு. எம்மகன் நல்லா ஊதுவான். தெனம் ரெண்டு முட்டை அவிச்சுக் குடுப்பேன். சீழு போகப் போக உடம்புல சத்து போயிருமாம், முட்டை குடுங்கன்னாங்க. முட்டை அவிக்க எனக்கா சொல்லித் தரணும்?

என்ன வேலையா? சொல்லலியா நான்? சத்துணவுச் சமையல் தாயி. இருபத்தாறு வருசம். நூத்திப் பதினெட்டுப் புள்ளைக. அரிசிய எடை போடாம கையிலயே அள்ளிப் போடுவேன், தராசு அப்புறமா வந்து எனக்குச் சாட்சி சொல்லும். எண்ணெய் அளக்குற ஆழாக்குல ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு கொறையாது. என் கண்ணளவு எங்க பிளாக் பூராத் தெரியும். ஆனா அதை விட ஒண்ணு தெரியும் எல்லாருக்கும், சீனியம்மா சென்டருன்னா சுத்தம்.

அது எப்படி வந்துச்சுன்னா, வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆபீசர் இன்ஸ்பெக்சன் வந்தாரு. முந்தின நாள் சாம்பார் அண்டாவைக் கழுவாம ஊறப் போட்டிருந்தேன். அந்தாளு என்னான்னு கேக்கல, ஏன்னு கேக்கல, நோட்டுல ரிமார்க் எழுதிட்டாரு. "பாத்திரங்கள் அசுத்தம்." அம்புட்டுதான், ரெண்டு வார்த்தை. மூணு நாளு சோறு எறங்கல எனக்கு. அன்னைக்கு மனசுல போட்டேன் ஒரு முடிச்சு. ஆபீசரு வர்றதுக்கு முன்னாடி பாத்திரம் பளிச்சுன்னு கவுந்து கெடக்கணும். நேத்து என்ன ஆக்குனேன்கிறதுக்கு ஒரு பருக்கைகூட அடையாளம் இருக்கப்படாது. அதுக்கப்புறம் இன்னைய தேதி வரைக்கும் ஒரு ரிமார்க் கெடையாது. போயி நோட்டை எடுத்துப் பாரு.

அப்படிப்பட்டவ புள்ளை கட்டிலுக்கு அடியில இப்படி ஒரு பாட்டில்.

மொத மூணு நாளு சும்மாத்தான் இருந்தேன். சிஸ்டருதான் ரெண்டு இடுக்கியப் போட்டுக் குழாயை அடைச்சு, கழட்டி, மாத்துனாங்க. ஆனா அவங்க மாத்துறதுக்குள்ள ஒரு பகல் ஒரு ராத்திரி ஆகிப்போகுது. வாடை! பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பொம்பள முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டு எங்களையே பாக்குறா. எம்மகன் கூட லாரி ஓட்டுற பயலுக நாலு பேரு ஆப்பிள் வாங்கிக்கிட்டு வந்தானுக, வாசப்படி தாண்டல. அங்க நின்னே கையக் காட்டிட்டுப் போயிட்டானுக. இவன் செவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். "எனக்கே என்னையப் புடிக்கலம்மா"ன்னான். எந்தத் தாயி பொறுப்பா, சொல்லு. 

நாலாம் நாளு விடிஞ்சதும் எறங்குனேன். சிஸ்டரு செய்யிறதைப் பார்த்துப் பார்த்து எல்லாம் புடிபட்டுருச்சு. இடுக்கி இல்லாட்டி என்ன, குழாயை மடக்கி அவனையே புடிச்சுக்கச் சொன்னேன். கொண்டுபோயிக் கொட்டி, சோப்பு போட்டு, தேங்கா நாரு போட்டுத் தேச்சு, கேன் தண்ணி ஊத்திக் கொண்டாந்து வச்சேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஆறு நாளு தாயி. ஆறு நாளும் ஆறு மணிக்குள்ள முடிச்சுருவேன். எட்டு மணிக்கு டூட்டி மாறி வர்ற சிஸ்டரு குனிஞ்சு பாப்பாங்க, சார்ட்டுல எழுதுவாங்க, போயிருவாங்க. ஒரு சத்தம் போட்டதில்ல. அறுவது கட்டிலுக்கு ஒத்த ஆளு, பாவம், அவங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்தானே.

தொடக்கூடாதுன்னு உங்கிட்டச் சொன்னாங்களா? எங்கிட்டயுந்தான் சொன்னாங்க. எல்லா ஆபீசும் அப்படித்தான் சொல்லும். "நீங்க ஒண்ணும் தொடாதீங்க"ம்பாங்க. அழுக்கா இருந்தா கேள்வி நம்மளைத்தானே கேப்பாங்க? நீ சின்னப் புள்ளை, உனக்கு இதெல்லாம் தெரியாது.

ஒண்ணு சொல்லட்டா? அந்தச் சற்குணமே பாராட்டுனாரு. அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ, குனிஞ்சு பாட்டிலைப் பார்த்துட்டு, "பரவாயில்லையே, நல்லா கிளியரா இருக்கே!"ன்னாரு. கூட வந்த சின்ன டாக்டருங்ககிட்டயும் காட்டுனாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இருபத்தாறு வருசத்துல எந்த ஆபீசரு வாயில இருந்தும் அப்படி ஒரு வார்த்தை வரல. எம்மகனைப் பார்த்துச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான்.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன்.

குழா போட்டு ஒம்பதாம் நாளு. படம் எடுத்துட்டு வந்தோம். சன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பார்த்தாரு. "கொஞ்சம் மங்கலா இருக்கே"ன்னாரு. நல்லாக் கேட்டுக்க, அவரு வாயாலயே சொன்னாரு, மங்கலா இருக்குன்னு! அப்புறம் சார்ட்டை எடுத்துப் பார்த்தாரு. "வடியிறதுதான் சுத்தமா நின்னுருச்சே. இது சவ்வு தடிச்சிருக்கிறது, மாத்திரையில சரியாயிரும். எடுத்துரலாம்"னாரு. மங்கலா இருக்குன்னும் சொல்லுவாராம், எடுத்துரலாம்னும் சொல்லுவாராம். அப்பவே குழாயை உருவி, தையலைப் போட்டு, மறுநா வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

பதினாறாம் நம்பர்ல ஒரு பெரியவரு இருந்தாரு. அவருக்கும் இதே வியாதி. முப்பது நாளு குழா இருந்துச்சு அவருக்கு! நடந்து போனாரு வீட்டுக்கு, என் கண்ணால பார்த்தேன். அவருக்கு முப்பது, எம்மகனுக்கு ஒம்பதா? இது என்ன நியாயம்? கட்டில் வேணும், அதுக்காக எம்புள்ளைய அவசர அவசரமாத் தள்ளி விட்டுட்டாங்க. மனுவுல அதைத்தான் மொத பாராவுல எழுதச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நாலு நாளு நல்லாருந்தான். அஞ்சாம் நாளு சாயங்காலம் மேலு சுட்டுச்சு. டாக்டரே கிளியருன்னு சொல்லிட்டாரேன்னு நான் பெருசா எடுத்துக்கல. மருந்துச் சூடுன்னு இளநி வெட்டிக் குடுத்தேன். ராவுல நனைய நனைய வேர்த்துச்சு. திரும்ப எளைப்பு. பத்து நாளு கழிச்சு இங்க கொண்டாந்தப்ப மூச்சு விட ஒரு பக்க நெஞ்சு ஏறவே இல்ல. திரும்பக் குழா போட்டாங்க. ஒண்ணும் வரல தாயி. ரெண்டு மொடக்கு வந்து நின்னுபோச்சு. அறை அறையாத் தடுத்துக் கெட்டியாயிருச்சாம், நுரையீரலைச் சுத்தி ஓடு புடிச்சுருச்சாம். நெஞ்சைத் தொறந்து அந்தத் தோலை உரிச்சு எடுக்கணும்னாங்க. அதுக்கும் கையெழுத்துப் போட்டேன். ஆனா சீழு ரத்தத்துல கலந்துருச்சு. ஆபரேசனுக்கு நாள் குறிச்சாங்க, வியாழக்கெழமை. எம்மகன் புதன்கெழமை காலையிலயே போயிட்டான்.

கடைசியில ஒரு வார்த்தை கேட்டான். "எல்லாம் சுத்தமாயிருச்சுன்னு சொன்னாங்களேம்மா"ன்னான். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கேள்விதான் காதுல கெடக்கு. அதைத்தான் அந்தாளு மூஞ்சிக்கு நேரா கேக்கணும். எம்மகனுக்கு அவசரமா ஏன்யா எடுத்த? ஒரே கேள்வி. பதிலு சொல்லட்டும், சொல்லிட்டு வேலையில இருக்கட்டும்.

அழுகாத தாயி. நீ எதுக்கு அழுகுற? உன் வீட்டுக்காரரு தேறிருவாரு. கொத்து வேலைக்காரரு, கட்டு உடம்பு.

என்ன தேடுற அதுல? பிளாஸ்திரியா? ஆமா, பாட்டில் மேல ஒரு பட்டை ஒட்டியிருந்துச்சு, மேலயிருந்து கீழ வரைக்கும் பேனாக் கோடு, தேதி, என்னென்னமோ கிறுக்கி, ஓரமெல்லாம் அழுக்கேறிப் போயி. ஊற வச்சு நாருல தேச்சுத்தான் எடுத்தேன். எம்மகன் பாட்டில்லயும் அப்படி ஒண்ணு இருந்துச்சு, மொத நாளே உரிச்சுப் போட்டேன். ஏன், அதுக்கென்ன இப்ப?

அளவா?

என்ன அளவு? மெதுவாச் சொல்லு, தேம்பாமச் சொல்லு. தெனம் காலையில எட்டு மணிக்கு எம்புட்டு வடிஞ்சிருக்குன்னு கோடு போடுவாங்க. சரி. நேத்துக் கோட்டுக்கும் இன்னைக்குக் கோட்டுக்கும் நடுவுல எம்புட்டோ அதைச் சார்ட்டுல எழுதுவாங்க. சரி. வடியிறது கொறைஞ்சு கொறைஞ்சு ஒண்ணுமில்லாமப் போனாத்தான் குழாயை எடுப்பாங்க. யாரு சொன்னா உனக்கு? சற்குணம் சொன்னாரா? உன்கிட்டயா?

இன்னைக்குப் பார்த்துட்டு முடிவு பண்றேன்னு நேத்துச் சொன்னாரா.

சும்மா இரு. அப்படியெல்லாம் இருக்காது. அம்புட்டுப் பெரிய டாக்டரு, பெரிய படிப்பு படிச்சவரு, ஒரு பாட்டிலைப் பார்த்தா முடிவு பண்ணுவாரு? அப்படின்னா எம்மகன் பாட்டில்ல...

சார்ட்டுல சைபரு போட்டிருந்துச்சு. நான் பார்த்தேன். இந்தக் கட்டில் கால்மாட்டுலதான் தொங்கும். சைபரு, சைபரு, சைபருன்னு வரிசையா. சந்தோசமா இருந்துச்சு எனக்கு. நம்ம மேல ஒரு குத்தமும் இல்லைன்னு அர்த்தம்னு நெனச்சேன். நெசமாத்தான் தாயி, அப்படித்தான் நெனச்சேன். குத்தம் இல்லைன்னு.

கிளியரா இருக்கேன்னாரே. அவரு எதைப் பார்த்துச் சொன்னாரு? கேன் தண்ணிய. நான் ஊத்துன கேன் தண்ணியப் பார்த்துச் சொன்னாரு. நான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். எம்மகன் சிரிச்சான்.

அய்யோ.

அய்யோ, என் ராசா. ஈரத்துல தேச்சா வந்துரும்னு நெனச்சேனே. வந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு. நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சே. வர்ற வழிய நானே அடைச்சேனே.

இரு. இரு, என்னையத் தொடாத. கொஞ்ச நேரம் விடு.

கேளு, ஒண்ணு சொல்றேன். யாரும் பாக்கல. உன் வீட்டுக்காரரு ஆயான்னுதான் நெனச்சாரு. ஒரு ஆழாக்குதானே, நாளைக்கு வரத்தானே போகுது? இன்னைக்கு எடுத்துருவாருன்னு என்ன நிச்சயம்? நான் பத்து மணிக்கு மனுவைக் குடுத்துட்டுப் போயிர்றேன். ஹெட்மாஸ்டரு மெனக்கெட்டு எழுதுனது. ஊரு பூரா தெரியும் நான் எதுக்கு வந்திருக்கேன்னு. திரும்பிப் போயி நான் என்னத்தச் சொல்லுவேன் தாயி? பெத்த கையாலன்னா சொல்லுவேன்?

அப்படிப் பாக்காத என்னைய.

இவரு மூச்சைப் பாரு. ஏறி எறங்குது. இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் கம்மியாத்தான் ஏறுது. தவசிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, குழாயை உருவுன அன்னைக்கு. கொஞ்சம் கம்மியா. பார்த்தேன் நான். பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்.

எட்டு மணிக்குச் சிஸ்டரு வந்தாங்களா? நீ சுடுதண்ணி ஆத்திக்கிட்டு இருக்கும்போதே குனிஞ்சு பார்த்துட்டு எழுதிட்டுப் போனாங்களே. போட்டிருப்பாங்க. போயி அந்தச் சார்ட்டை எடு. என்ன போட்டிருக்கு, சொல்லு, எனக்குக் கண்ணு மறைக்குது.

சைபரு.

அந்தா வந்துட்டாங்க. அது சற்குணம் குரலுதான். ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிச்சுட்டாரு. இல்ல, நீ சொல்லாத. நீ சொன்னா உன்னைய வைவாங்க, ஒரு நிமிசம் பாட்டிலை விட்டுட்டு எங்க போனன்னு கேப்பாங்க. அவங்களை விடு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் மனசே உன்னையக் கேக்கும். நீ சுடுதண்ணிக்குத்தான் போன. அதுல ஒரு தப்பும் இல்ல. கையக் குடு, எந்திரிக்கிறேன். நில்லு, முந்தானைய சரி பண்ணிக்கிறேன்.

டாக்டரையா. 

என்னையத் தெரியுதுங்களா? பதினாலாம் நம்பரு, தவசிமுத்தோட அம்மா. ஆமாங்கய்யா. தெரியும்னு தெரியும். சிஸ்டரம்மா, தள்ளாதீங்க, நான் சண்டைக்கு வரல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிர்றேன். அந்தப் பாட்டிலைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அந்தச் சைபரு பொய்யி. அதுல இருந்ததை எட்டு மணிக்கு முன்னாடியே நாந்தான் கொட்டுனேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, அதைத் திட்டாதீங்க. ஒரு ஆழாக்கும் ஒரு குழிக்கரண்டியும். ஆழாக்குன்னா உங்க கணக்குல நூத்தி எழுவது மில்லி வச்சுக்கங்க, மொத்தம் எரநூறுக்கு மேல. குழாயை எடுத்துராதீங்க. இன்னும் வருதுங்கய்யா, இவருக்கு இன்னும் நெறைய வருது.

கையில இருக்கிறதா? மனுங்கய்யா. உங்க மேலதான். அது கெடக்கட்டும், கிழிச்சுப் போடுங்க.

பேனாவை மூடாதீங்க. எம்மகன் சார்ட்டு உள்ள எங்கயாவது கெடக்கும், எடுத்தாரச் சொல்லுங்க. அதுலயும் சைபரு இருக்கு, ஆறு நாளு. அதெல்லாம் திருத்தணும். என் கண்ணளவு தப்பாதுங்கய்யா, எனக்கு ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கு. மொத நாளு நான் கொட்டுனது ரெண்டு ஆழாக்கு. மறுநாளும் ரெண்டு. அப்புறம் ஒண்ணே முக்கால். அடுத்த ரெண்டு நாளும் ஒண்ணரை, ஒண்ணரை. கடைசியா, நீங்க குழாயை எடுத்தீங்களே அன்னைக்குக் காலையில, ஒண்ணேகால்.

எழுதிக்கங்கய்யா. ஒண்ணேகால்.